பாலிசி நம்பரை இறந்தவர் வீட்டில் கேட்காதீர்கள்

"பாலிசி நம்பர் இல்லாம நாங்க எப்படிம்மா தேடறது?"

இந்தக் கேள்வியை இன்னும் எத்தனை கவுன்டரில் கேட்கப் போகிறீர்கள்? கம்பெனி தன் தொழிலாளிகள் எல்லாருக்கும் சேர்த்து எடுக்கிற குரூப் இன்சூரன்ஸில் பாலிசி நம்பர் தொழிலாளி கையில் இருக்காது. மாஸ்டர் பாலிசி கம்பெனி பெயரில் இருக்கும், பத்திரம் கம்பெனி பீரோவில் இருக்கும், பிரீமியம் கட்டுவதும் கம்பெனி. தொழிலாளி அந்தப் பட்டியலில் ஒரு வரி, அவ்வளவுதான். உயிரோடு இருந்தவரைக்கும் அவரே பார்க்காத நம்பரை, அவர் போன பிறகு பெண்டாட்டி பிள்ளைகள் எங்கே போய் எடுத்து வருவார்கள்?

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் இந்த வாரம் நடந்ததைச் சொல்கிறேன். அப்பர் செக்‌ஷனில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவர் போய்விட்டார். மகள் இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு டைம் ஆபீஸுக்குப் போகிறாள். "இன்சூரன்ஸா? அதெல்லாம் ஹெச்.ஆர்.தான்." ஹெச்.ஆர். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எல்லாம் பி.எஃப்.லயே வந்துடும், அங்க போய்க் கேளு" என்கிறார். பஸ் பிடித்து பி.எஃப். கவுன்டருக்குப் போனால், "உங்க கம்பெனி விலக்கு வாங்கியிருக்கு. இன்சூரன்ஸ் கம்பெனியக் கேளுங்க." எந்த இன்சூரன்ஸ் கம்பெனி சார்? "அது உங்க கம்பெனிக்குத்தான் தெரியும்." பக்கத்திலிருந்த இன்சூரன்ஸ் கிளைக்குப் போனால் அதே பாட்டு, பாலிசி நம்பர். மறுபடி ஹெச்.ஆர். "இன்னாம்மா, திரும்ப வந்துட்ட? அந்த ஃபைல் பாக்கிறவரு லீவு." இதைச் சொன்னவரின் தலைக்குப் பின்னால் இரும்பு ரேக்கில் ஒரு பாக்ஸ் ஃபைல். முதுகில் ஸ்கெட்ச் பேனாவில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது: ஜி.ஐ. ரினியூவல், அதாவது குரூப் இன்சூரன்ஸ் புதுப்பிப்பு. அவர் கையை நீட்டினால் எட்டும். நீட்டவில்லை!

அந்தப் பெண் கேட்டது தர்மம் இல்லை. இ.டி.எல்.ஐ. என்று, பி.எஃப்.போடு சேர்ந்த ஆயுள் காப்பீடாக, 1976-இலிருந்து சட்டப்படி ஓடுகிற திட்டம். பி.எஃப். பிடிக்கிற தொழிலாளி எல்லாருக்கும் உண்டு. சம்பளத்தில் ஒரு பைசா பிடிக்க மாட்டார்கள். கம்பெனி அரை சதவீதம் கட்டும், அதுவும் 15,000 ரூபாய் சம்பளம் வரைக்கும்தான் கணக்கு. ஒரு ஆளுக்கு மாதம் அதிகபட்சம் 75 ரூபாய். கிடைக்க வேண்டியதோ, கடைசி 12 மாதச் சராசரிச் சம்பளத்தைப் போல 35 மடங்கு, அதோடு பி.எஃப். சராசரி இருப்பில் பாதி, அது 1.75 லட்சத்துக்கு மேல் போகாது. ஆக மொத்தம் 7 லட்சம் வரை. 2021 ஏப்ரல் 28-இலிருந்து இந்தக் கணக்கு, அதற்கு முன்னால் உச்சம் 6 லட்சம். வேலையிடத்தில்தான் சாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வீட்டில் தூக்கத்தில் போனாலும் உண்டு, சம்பளமில்லா விடுப்பில் போனாலும் உண்டு. பேர் ரோலில், அதாவது கம்பெனியின் ஆள் பட்டியலில், இருக்க வேண்டும்.

சில கம்பெனிகள் இதற்குப் பதிலாகத் தனியாக ஒரு குரூப் பாலிசி எடுத்துக்கொண்டு இ.டி.எல்.ஐ.யிலிருந்து விலக்கு வாங்கிவிடும். திட்டத்தில் வருவதைவிட நல்ல பலன் கொடுத்தால்தான் அந்த விலக்கே. இப்படி இரண்டு வழி இருப்பது குடும்பத்துக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் வாயைத் திறப்பதில்லை. நம்ம ஆள் எந்த வழியில் இருக்கிறார் என்று கண்டுபிடிக்க யார் காலிலும் விழ வேண்டாம். கம்பெனியின் பி.எஃப். சலானைப் பாருங்கள். ஒன்றாம் நம்பர் கணக்கு பி.எஃப்., 10 பென்ஷன், 21 இன்சூரன்ஸ். 21-இல் பணம் கட்டியிருந்தால் பி.எஃப். அலுவலகம்தான் கொடுக்க வேண்டும், ஃபாரம் 5 ஐ.எஃப். என்ற க்ளெய்ம் விண்ணப்பத்தைப் போடுங்கள். 21-இல் சைபர் என்றால் தனி பாலிசி இருக்க வேண்டும் என்று அர்த்தம். அப்போது கம்பெனிக்கு எழுத்தில் கேளுங்கள்: எந்த இன்சூரன்ஸ் நிறுவனம், மாஸ்டர் பாலிசி நம்பர் என்ன, இறந்த தேதியில் அவர் பெயர் உறுப்பினர் பட்டியலில் இருந்ததா, தொகை எவ்வளவு. கம்பெனி டோக்கன் நம்பர், பி.எஃப். நம்பர், யு.ஏ.என். (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். உறுப்பினர் நம்பர்) மூன்றையும் எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நகலை பி.எஃப். கமிஷனருக்கு அனுப்புங்கள். வாய் வார்த்தையாகக் கேட்டால் வாய் வார்த்தையாகத்தான் விரட்டுவார்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் தெருமுனைக் கிளையில் நின்று பிரயோஜனமில்லை. எல்.ஐ.சி. என்றால் 'பென்ஷன் அண்ட் குரூப் ஸ்கீம்ஸ்' என்று தனிப் பிரிவு இருக்கிறது, குரூப் பாலிசி விவரமெல்லாம் அங்கேதான்.

இதைவிட வயிறு எரிகிற விஷயம் ஒன்று இருக்கிறது. மனுஷன் சிறுநீரகம் கெட்டுப் பல மாதம் ஆஸ்பத்திரியும் வீடுமாகக் கிடக்கிறார். சம்பளம் நின்றுபோகிறது. கம்பெனியில் எவரோ கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, பி.எஃப். பதிவில் கடைசியாக வேலைக்கு வந்த நாளையே விலகிய தேதி என்று போட்டுவிடுகிறார்கள். காரணம் என்ற இடத்தில் 'பணியில் இறப்பு' என்று போடாமல், வேலையை விட்டுவிட்டார் என்பது போல எதையோ போடுகிறார்கள். ஒரு கிளிக்! அந்த ஒரு கிளிக்கில் க்ளெய்ம் ரிஜக்ட். ஐயா, அவர் வேலையை விடவில்லை, ராஜினாமா எழுதவில்லை, நீங்களும் நீக்கவில்லை. கடைசிப் பங்களிப்பிலிருந்து ஆறு மாதத்துக்குள் இறந்து, பேர் ரோலில் இருந்தால் கொடுக்க வேண்டும் என்று 2025-இல் திருத்தமே வந்திருக்கிறது. அதனால் க்ளெய்ம் போடுவதற்கு முன்னாடியே விலகிய தேதியையும் காரணத்தையும் பாருங்கள். தப்பாக இருந்தால் கம்பெனியை வைத்துத் திருத்திய பிறகே மனு கொடுங்கள்.

அப்புறம் நம்ம மாவட்டக் கதை. வேலைக்குச் சேர்ந்தபோது எழுதிய நாமினி ஃபாரத்தில் வட ஆற்காடு. ஆதாரில் வேலூர். 2019-இல் மூன்றாகப் பிரித்த பிறகு இறப்புச் சான்றிதழில் ஆம்பூர்க்காரருக்குத் திருப்பத்தூர், வாலாஜாக்காரருக்கு ராணிப்பேட்டை. வீடு அதே வீடு, தெரு அதே தெரு. மாவட்டத்தைப் பிரித்தது அரசாங்கம், "முகவரி ஒத்துப்போகல" என்று திருப்பி அனுப்பப்படுவது விதவை. பேர் விஷயமும் அப்படித்தான். ஒரு தாளில் ராஜ், இன்னொன்றில் ராஜு. ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால். தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு இனிஷியல் புரியவில்லை என்றால் என்ன செய்வது?

கம்பெனியே மூடிவிட்டது என்றால் பலபேர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். இந்தப் பக்கம் தோல் டேனரிகள் மூடுவதும், பங்காளிகள் பிரிவதும், வேறு பெயரில் திறப்பதும் சகஜம். பி.எஃப். இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் கம்பெனியின் பி.எஃப். கோடு நம்பர் கிடைக்கும், பழைய பே ஸ்லிப்பிலும் இருக்கும். கையெழுத்துப் போட முதலாளி இல்லாவிட்டால் கெஜட்டட் ஆபீசர், போஸ்ட் மாஸ்டர், பேங்க் மேனேஜர், எம்.எல்.ஏ. என்று அட்டெஸ்ட் செய்யத் தகுதியானவர்களின் பட்டியல் அந்த 5 ஐ.எஃப். ஃபாரத்திலேயே அச்சடித்திருக்கிறது. கவுன்டரில் இருப்பவருக்கு அது தெரியாதா? தெரியும். "கம்பெனி சீல் வேணும்" என்று ஒரு வரியில் அனுப்பிவிட்டால் அன்றைக்கு ஒரு வேலை குறைகிறது.

நாமினியும் கவனம். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா பெயரை எழுதிவைத்தது கல்யாணமானதும் செல்லாது. நாமினியே இல்லையென்றால் குடும்பத்துக்குச் சம பங்கு. ஆனால் மனைவி இருக்கும்போது, மேஜரான மகனுக்கும் கணவன் உள்ள மகளுக்கும் பங்கு வராது. அப்படிப்பட்ட வீட்டில் அலைகிறது கல்யாணமான மகளாக இருந்தாலும் விண்ணப்பத்தில் கையெழுத்து அம்மாவுடையதுதான். இ.டி.எல்.ஐ. பணத்தைக் காலக்கெடு தாண்டி இழுத்தால் 12 சதவீத வட்டி கேட்க உரிமை இருக்கிறது. கேளுங்கள், வெட்கப்படாதீர்கள்.

கடைசியாக பாஸ்புக் முதல் பக்க நகல் கேட்பார்கள், பெயரும் கணக்கு நம்பரும் ஐ.எஃப்.எஸ். கோடும் தெளிவாகத் தெரிய வேண்டுமாம். அந்த பாஸ்புக்கை எந்த பேங்க்கய்யா தெளிவாக அடித்துக் கொடுக்கிறது? மெஷினில் ரிப்பன் காய்ந்து கிடக்கிறது, எழுத்து பேய் மாதிரி வெளிறிப்போய் விழுகிறது, பாதி நாள் மெஷின் மேலேயே 'பழுது' என்று ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. மினிமம் பேலன்ஸ் இல்லையென்று கணக்கில் கை வைப்பதற்கு மட்டும் எந்த மெஷினும் பழுதாவதில்லை. முதலில் அந்த ரிப்பனை மாற்றுங்கள்!