டோஃபு என்ற பெயரைப் பார்த்து ஓடாதீர்கள்

தாய்லாந்து போய்வரும் நம்மவர்கள் போடும் சாப்பாட்டுப் படம் பெரும்பாலும் இரண்டே வகை. ஒன்று, இரவுச் சந்தையில் தேள் வறுவலைக் கையில் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளிப்பது. இன்னொன்று, "அப்பாடா, சாம்பார் கிடைத்துவிட்டது!" இரண்டுக்கும் நடுவில் எவ்வளவோ இருக்கிறது ஐயா.

போன குளிர்காலத்தில் மே ஹோங் சோன் போயிருந்தோம். பர்மா எல்லையை ஒட்டிய சின்ன மலையூர். சியாங் மாயிலிருந்து போகும் பாதையில் 1,864 வளைவுகள் என்று பனியனில் அச்சடித்தே விற்கிறார்கள். எண்ணிப் பார்க்கும் நிலையில் நான் இல்லை, வயிறு அப்படி. இங்கே ஷான் மக்கள் அதிகம். 'ஷான்' என்பது பர்மியர்கள் சொல்லும் பெயர். தாய்லாந்துக்காரர்களுக்கு இவர்கள் 'தாய் யாய்'. தங்களை அவர்கள் 'தை' என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள்.

சாயங்காலம் சோங் காம் ஏரிக்கரையில் கடைகள் முளைக்கின்றன. எதிரே இரண்டு கோயில்கள், தண்ணீரில் அவற்றின் விளக்கு வெளிச்சம். அங்கே ஒரு அக்காவின் பானையில் மஞ்சளாக ஏதோ கொழகொழவென்று கொதித்துக்கொண்டிருந்தது. டோஃபு என்றார்கள். சோயாதானே, உப்புசப்பில்லாமல் இருக்கும் என்று நகரப் பார்த்தேன். சோயாவே இல்லை, கடலை மாவு! மாவைத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, மஞ்சள் சேர்த்துக் கைவிடாமல் கிளறுகிறார்கள். ஆறினால் தானாகவே இறுகிக் கட்டியாகிவிடும். அதைத் துண்டு போட்டுப் பொரிப்பார்கள், பச்சடி மாதிரியும் பிசைவார்கள். சூடாக இருக்கும்போது அரிசி நூடுல்ஸ் மேல் ஊற்றினால் அதுதான் 'டோஃபு உன்'. பூரிக்குத் தொட்டுக்கொள்ளும் பாம்பே சட்னியை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அதேதான். ஆனால் மேலே பூண்டு எண்ணெய், இடித்த வேர்க்கடலை, கொத்தமல்லி, மிளகாய், கொஞ்சம் வெல்லப்பாகு. அந்த வெல்லப்பாகில்தான் நான் விழுந்தேன். ஒரு கிண்ணம் போதவில்லை, அக்கா கேட்காமலே இரண்டாவதை ஊற்றினார். (சைவக்காரர்கள் மேலே என்ன போடுகிறார்கள் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.)

பப்பாளித் துருவலில் செய்யும் 'காங் பாங்' பக்கோடா சுமார்தான், எங்களுக்குக் கிடைத்தது ஆறிப்போனது. 'துவா நாவ்' வேறு ரகம். சோயாவை வேகவைத்து, நொதிக்கவிட்டு, இடித்து, அப்பளம்போல் தட்டி வெயிலில் காயவைக்கிறார்கள். சுடும்போது வந்த வாசனையில் என் மனைவி நாலு கடை தள்ளிப் போய் நின்றுகொண்டாள். வாரம் தவறாமல் கருவாட்டுக் குழம்பு வைக்கிற வீடு எங்களுடையது, இதையும் சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக இனிப்புத் தட்டைக் காட்டிப் பெயர் கேட்டேன். "அலவா" என்றார் விற்ற அம்மா. அரிசி மாவு, தேங்காய்ப்பால், சர்க்கரை, மேலே தணல் வைத்துச் சிவக்கவிட்ட ஏடு. அரபியில் பிறந்த அந்தச் சொல் திருநெல்வேலிக்கு வந்தது மட்டுமில்லை, இந்த மலைக்கும் ஏறியிருக்கிறது!

ஊர் திரும்பும் நாளில் வளைவுகளுக்குப் பயந்து காலைச் சாப்பாட்டையே விட்டுவிட்டேன். மடியில் அரைக் கிலோ அலவா பொட்டலம் மட்டும் இருந்தது. வேன் பாதி வழியில் பாய் ஊரில் நிற்பதற்குள் அது தீர்ந்துவிட்டது.