உங்கள் ஊரில் புற்றுநோய் அதிகமா? கணக்கு எங்கே?

ஈரோட்டில் சாயக்கழிவைக் காரணமாகச் சொல்கிறார்கள். ராணிப்பேட்டை, வாணியம்பாடிப் பக்கம் தோல் தொழிற்சாலைகளைச் சொல்கிறார்கள். குமரிக் கடற்கரையில் மணல் ஆலையையும், டெல்டாவில் பூச்சிமருந்தையும் சொல்கிறார்கள். "தமிழ்நாட்டிலேயே எங்கள் மாவட்டத்தில்தான் புற்றுநோய் அதிகம்" என்ற பேச்சை இந்த ஊர்கள் எல்லாவற்றிலும் கேட்டிருக்கிறேன். வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர்கள் சொல்லும்போது அதை மறுத்துப் பேச யாருக்கும் மனம் வராது, எனக்கும் வந்ததில்லை. ஆனால் புற்றுநோய்ப் பதிவேட்டுக்காகத் தகவல் திரட்டும் பணியில் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்ல விரும்புகிறேன். ஊர்வாரியான ஒழுங்கான கணக்கு மக்கள் கைக்கு வராதவரை, அச்சப்படுகிறவருக்கும் ஆதாரம் இருக்காது, "அப்படியெல்லாம் ஒன்றுமில்லை" என்று மனுவைத் தள்ளிவிடும் அதிகாரிக்கும் ஆதாரம் இருக்காது.

இடத்துக்கு இடம் வேறுபாடு இருப்பது உண்மை, அதுவும் சிறிய வேறுபாடு அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் 2012 முதல் 2016 வரையிலான காலத்துக்கு 28 பதிவேடுகளின் கணக்கை வெளியிட்டது. அதன்படி மிசோரமின் ஐஸ்வால் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ஆண்களுக்கு 269 பேருக்குப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத், பீட் மாவட்டங்களில் அதே கணக்கு 40ஐக் கூடத் தொடவில்லை. பெண்களில் அருணாசலப் பிரதேசத்தின் பாபும்பாரே மாவட்டம் 219.8 என்ற அளவோடு முதலிடத்தில் இருந்தது. இவை வயது வேறுபாட்டைச் சரிசெய்த விகிதங்கள். முதியவர்கள் மிகுந்த ஊரில் புற்றுநோய் இயல்பாகவே கூடுதலாக இருக்கும் என்பதால், எல்லா ஊருக்கும் ஒரே வயதுப் பகிர்வு இருந்தால் விகிதம் எவ்வளவு இருக்கும் என்று கணக்கிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். இளைஞர்கள் வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் பிழைக்கப் போய்விட்டு, பெற்றோர் மட்டும் தங்கியிருக்கும் ஊர்கள் நம்மிடம் எத்தனையோ உண்டு. அங்கே நோயாளிகளை வெறுமனே எண்ணிவிட்டு அதிகம் என்று சொல்வதில் பொருளில்லை.

அதைவிடப் பெரிய குழப்பம் மருத்துவமனைக் கணக்கால் வருகிறது. ஓர் அரசு மருத்துவமனையில் இந்த ஆண்டு இத்தனை ஆயிரம் புற்றுநோயாளிகள் என்று செய்தி வந்ததும், அந்த எண்ணை அந்த மாவட்டத்தின் தலையில் ஏற்றிவிடுகிறோம். கதிர்வீச்சு இயந்திரம் இருக்கும் ஊருக்கு அது இல்லாத ஐந்தாறு மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் வந்து சேர்வார்கள். சென்னையின் பெரிய மருத்துவமனைகளுக்கு ஆந்திரத்திலிருந்தும் வங்கத்திலிருந்தும் வருகிறார்கள். மக்கள்தொகை சார்ந்த பதிவேடு என்பது வேறு வகை வேலை. ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் வசிப்பவர்கள் எங்கே போய்ச் சிகிச்சை பெற்றாலும் தேடிப் பிடித்து, ஒருவரை ஒருமுறை மட்டும் எண்ண வேண்டும். மருத்துவமனைப் பதிவுகள், திசுப் பரிசோதனைக் கூடங்களின் அறிக்கைகள், மாநகராட்சியின் இறப்புப் பதிவுகள் என்று ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டும். ஒரே நோயாளி ஓரிடத்தில் "செல்வி" என்றும் இன்னோரிடத்தில் "தமிழ்ச்செல்வி" என்றும் இருப்பார், வயது இரண்டு மூன்று ஆண்டு மாறியிருக்கும், கணவர் பெயரை வைத்துத்தான் இருவரும் ஒருவர் என்று கண்டுபிடிக்க முடியும். முகவரி இன்னும் கடினம். விழுப்புரத்திலிருந்து வந்தவர், கடிதமும் தொலைபேசி அழைப்பும் தவறக்கூடாதே என்று சைதாப்பேட்டையில் இருக்கும் மகளின் முகவரியைக் கொடுத்திருப்பார். எத்தனை நாளாக அங்கே குடியிருக்கிறார் என்று கேட்காமல் எழுதிவிட்டால் ஒரு நோயாளி விழுப்புரத்தில் குறைந்து சென்னையில் கூடிவிடுவார். குறைந்தது ஓராண்டு வசித்திருக்க வேண்டும் என்ற விதி இதற்காகவே இருக்கிறது. இறப்புப் பதிவில் "இதயம் நின்றது" என்று மட்டும் எழுதியிருந்தால், அதன் பின்னால் ஈரல் புற்றுநோய் இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. 2020இல் இந்தியாவில் பதிவான மரணங்களில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவானவற்றுக்கே மருத்துவர் சான்றளித்த காரணம் இருந்தது. ஆகவே ஒரு மாவட்டத்தில் விகிதம் குறைவு என்று அச்சாகியிருந்தால், நோய் குறைவா, கண்டுபிடிப்பும் பதிவும் குறைவா என்று முதலில் கேட்க வேண்டும்.

இனி ஒரு சிற்றூரை எடுத்துக்கொள்வோம். 3,000 பேர் வசிக்கும் ஊர். ஆண்டுக்கு லட்சத்துக்கு 100 பேர் என்பது நம் நாட்டுச் சராசரியை ஒட்டிய அளவு, அதாவது அந்த ஊரில் ஆண்டுக்கு மூன்று பேர். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் சரியாக மூன்று பேருக்கு வருவதில்லை. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,500 ஊராட்சிகள் இருக்கின்றன. எல்லா ஊராட்சியிலும் 3,000 பேர்தான், எங்கேயும் சிறப்பான காரணம் எதுவுமில்லை என்று வைத்துக்கொண்டு நிகழ்தகவுக் கணக்குப் போட்டால், ஏதாவது ஓர் ஆண்டில் 400க்கும் மேற்பட்ட ஊர்களில் ஏழு அல்லது அதற்கு மேற்பட்டவர்களுக்குப் புற்றுநோய் வந்திருக்கும். 600க்கும் மேற்பட்ட ஊர்களில் ஒருவருக்குக்கூட வந்திருக்காது. ஏழு பேருக்கு வந்த ஊரில்தான் பேனர் வைக்கப்படும், தொலைக்காட்சி வண்டி போய் நிற்கும். யாருக்கும் வராத ஊரைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். அந்த 400 ஊர்களில் ஒன்றிரண்டில் உண்மையாகவே நிலத்தடி நீரிலோ காற்றிலோ ஏதோ இருக்கக்கூடும் என்பதுதான் இதில் என்னை மிகவும் வருத்தும் விஷயம். ஓராண்டு எண்ணிக்கையை மட்டும் வைத்து அந்த ஊரைப் பிரித்தறிய வழியே இல்லை.

பஞ்சாபில் நடந்ததை நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். மால்வா பகுதியின் பருத்தி விவசாயிகள் பட்டிண்டாவிலிருந்து ராஜஸ்தானின் பிகானேருக்குச் சிகிச்சைக்காகப் போன ரயிலுக்குப் "புற்றுநோய் ரயில்" என்றே பெயர் வந்துவிட்டது. பூச்சிமருந்தால்தான் இந்தக் கதி என்று நாடே நம்பியது. பிறகு பதிவேடுகள் தொடங்கப்பட்டபோது, மால்வாவின் மான்சா, சங்ரூர் மாவட்டங்களைவிடச் சண்டிகரிலும் மொஹாலியிலும்தான் விகிதம் அதிகமாக இருந்தது. இதைக் கொண்டு பூச்சிமருந்து குற்றமற்றது என்று நான் சொல்ல மாட்டேன். கிராமத்தில் கண்டறியப்படாமலே இறந்தவர்கள் அந்தக் கணக்கில் வரவில்லை, சில வகைப் புற்றுநோய்கள் தலைகாட்ட இருபது முப்பது ஆண்டுகள் ஆகும். ஆனால் அந்த ரயில் நிறைந்து போனதற்கு நேரடியான ஒரு காரணம் கண்முன் இருந்தது. பக்கத்தில் கட்டுப்படியாகும் சிகிச்சை இல்லை. விகிதம் எங்கே அதிகம் என்ற வாதத்தில் அது பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விட்டது.

குமரி மாவட்டத்துக்கு நேரடியாகப் பொருந்தும் இன்னோர் அனுபவம் கேரளத்தின் கருநாகப்பள்ளியில் இருக்கிறது. நீண்டகரை, சவறா கடற்கரையின் மோனசைட் மணலில் தோரியம் கலந்திருப்பதால் அங்கே இயற்கைக் கதிர்வீச்சு உலகச் சராசரியைவிடப் பல மடங்கு அதிகம். குமரியின் மணவாளக்குறிச்சி மணலும் அதே வகைதான். கருநாகப்பள்ளியில் 1990இல் தனிப் பதிவேடு தொடங்கி, வீடு வீடாகக் கதிர்வீச்சை அளந்து, சுமார் 70,000 பேரைச் சராசரியாகப் பத்தாண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் 1,379 பேருக்குப் புற்றுநோய் வந்தது. கதிர்வீச்சு கூடிய வீடுகளில் புற்றுநோயும் கூடியிருக்கிறது என்பதற்கான அறிகுறி கிடைக்கவில்லை. ஆண்களின் நுரையீரல் புற்றுநோயில் பீடியின் பங்கு தெளிவாகத் தெரிந்தது. இந்த முடிவைக் காட்டி, குமரிக் கடற்கரையில் புதிதாக மணல் அள்ளுவதை எதிர்க்கும் மீனவர்களின் வாயை அடைப்பது நியாயமில்லை. அங்கே ஆராயப்பட்டது மண்ணில் இயல்பாகக் கிடக்கும் கதிர்வீச்சின் விளைவு. மணலைத் தோண்டிப் பிரித்தெடுக்கும்போது எழும் தூசியும் தொழிலாளர்களின் உடல்நிலையும் தனியாக ஆராயப்பட வேண்டியவை. கருநாகப்பள்ளிக்குக் கிடைத்த கணக்கு எங்களுக்கும் வேண்டும் என்று குமரி மக்கள் கேட்டால், அதை மறுக்க எந்த அரசுக்கும் காரணம் கிடையாது.

ஓர் இடத்தின் மண்ணே கொன்றதற்கும் சான்று உண்டு. துருக்கியின் கப்படோசியா பகுதியில் கராயின் என்ற சிற்றூரில், நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் மீசோதீலியோமா என்ற அரிய புற்றுநோய் தொடர்ந்து உயிர்களைப் பறித்தது. வீடு கட்டப் பயன்பட்ட கல்லில் இருந்த எரியோனைட் என்ற நார்க்கனிமமே காரணம் என்று 1970களில் தொடங்கிய ஆய்வுகள் காட்டின. அங்கே ஐயத்துக்கு இடம் இல்லாமல் போனதற்குக் காரணம், எல்லாருக்கும் வந்தது ஒரே வகை, அதுவும் மற்ற ஊர்களில் மிக அரிதாகவே வரும் வகை. புற்றுநோய் என்பது நூற்றுக்கும் மேற்பட்ட நோய்களுக்குப் பொதுப்பெயர். ஒரு தெருவில் ஒருவருக்கு மார்பகத்திலும் ஒருவருக்கு வாயிலும் ஒருவருக்கு ரத்தத்திலும் வந்தால், மூன்றுக்கும் ஒரே காரணம் இருப்பது கடினம். ராணிப்பேட்டையில் பல பத்தாண்டுகளாகக் குவிந்து கிடந்த குரோமியக் கழிவை எடுத்துக்கொண்டால், ஆறிணைதிறன் குரோமியம் என்ற நச்சு வடிவத்தை மூச்சில் இழுத்த தொழிலாளர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் என்பது உலகளவில் நிறுவப்பட்ட உண்மை. ஆகவே அங்கே தேட வேண்டியது, அந்தத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களின் நுரையீரல் புற்றுநோய்க் கணக்கை. மாவட்டத்தின் மொத்தப் புற்றுநோய் எண்ணிக்கைக்குள் அது கரைந்து மறைந்துவிடும்.

காலப்போக்கில் விகிதங்கள் நகரும் விதம் இன்னும் அதிகம் சொல்கிறது. சென்னைப் பதிவேடு 1982 முதல் அடையாறு புற்றுநோய் நிலையத்தின் பொறுப்பில் இருக்கிறது. அது தொடங்கியபோது நகரப் பெண்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் முதலிடத்தில், லட்சத்துக்கு 40ஐ ஒட்டி இருந்தது. இன்று அதில் பாதியும் இல்லை. மார்பகப் புற்றுநோய் அதே காலத்தில் இரட்டிப்பாகி, 2012 முதல் 2016 வரையிலான கணக்கில் 42ஐத் தொட்டுவிட்டது. தாமதமான திருமணம், குறைந்த பிள்ளைப்பேறு, மேம்பட்ட சுகாதார வசதி ஆகியவை முதலாவதைக் குறைத்தன. தாமதமான முதல் பிரசவமும் குறைந்த தாய்ப்பாலூட்டலும் உடற்பருமனும் இரண்டாவதைக் கூட்டின. ஒரே சமூக மாற்றம் ஒன்றை இறக்கி மற்றொன்றை ஏற்றியது.

திண்டுக்கல் மாவட்டத்தில் ஒட்டன்சத்திரம் அருகே அம்பிலிக்கையில் தொடங்கிய கிராமப்புறப் பதிவேடு வேறொரு படத்தைக் காட்டியது. அங்கே 2000களிலும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயே பெண்களில் முதலிடத்தில் இருந்தது. சென்னையில் இறங்கிக்கொண்டிருந்த நோய், சில மணி நேரப் பயணத் தொலைவில் ஏழைப் பெண்களை வாட்டிக்கொண்டிருந்தது. மாநிலச் சராசரி என்ற ஒற்றை எண்ணில் இந்தப் பெண்கள் கண்ணுக்கே தெரிய மாட்டார்கள். அந்த மாவட்டத்தில்தான் 2000ஆம் ஆண்டு ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. பயிற்சி பெற்ற செவிலியர்கள், நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி வெறும் கண்ணால் பார்க்கும் சோதனையை ஊர் ஊராகச் செய்தார்கள். வினிகரில் இருக்கும் அமிலம்தான் அது, பெரிய கருவி எதுவும் தேவையில்லை. 49,311 பெண்களுக்கு அழைப்புப் போனது, 31,343 பேர் வந்தார்கள். சோதனை நடந்த பகுதிகளில் நோய் 25 சதவீதமும் அதனால் வரும் மரணம் 35 சதவீதமும் குறைந்தன என்று 2007இல் வெளியான முடிவு காட்டியது. அந்த ஊர்களில் ஏற்கெனவே ஒரு பதிவேடு வேரூன்றியிருந்ததால்தான் குறைந்ததை எண்ணிக் காட்ட முடிந்தது. தமிழ்நாட்டில் புற்றுநோய் குறித்து நடந்த பணிகளில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

2023 நவம்பரில் ஈரோடு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், கன்னியாகுமரி மாவட்டங்களில் வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களுக்கான பரிசோதனைத் திட்டத்தை மாநில அரசு முதலில் தொடங்கியது. தேடினால் கிடைக்கும் என்பதால் இந்த நான்கு மாவட்டங்களில் விகிதம் உயரும், உயரவும் வேண்டும். அப்போது "பார்த்தீர்களா, இங்கேதான் அதிகம்" என்று யாரும் பதற வேண்டியதில்லை. முதல் நிலையில் கண்டறியப்பட்டவர்களின் பங்கு கூடுகிறதா, சில ஆண்டுகள் கழித்து மரணம் குறைகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். தென்கொரியாவில் ஸ்கேன் எடுப்பது பெருகியதால் 2011இல் தைராய்டு புற்றுநோய் 1993இல் இருந்ததைப்போல் 15 மடங்கு ஆனது. மரணமோ அப்படியே இருந்தது. வாழ்நாள் முழுதும் தொல்லை தராத கட்டிகளுக்காக ஆயிரக்கணக்கானோர் தைராய்டை இழந்தார்கள்.

ஆண்டுதோறும் வட்டார அளவில், ஐந்தாண்டுகளைச் சேர்த்து, வயது சீரமைத்து, புற்றுநோய் வகைவாரியாக விகிதங்களை அரசு தமிழில் வெளியிட வேண்டும் என்பதே என் கோரிக்கை. மாநிலம் முழுவதற்குமான பதிவேட்டுப் பணி 2012 முதல் இருப்பதால் இது முடியாத காரியமல்ல. தகவல் திரட்டுபவர்களை ஒப்பந்தத்தில் வைத்து, ஆண்டுதோறும் ஆளை மாற்றிக்கொண்டிருந்தால் மட்டும் முடியாது, ஏனெனில் "செல்வி"யும் "தமிழ்ச்செல்வி"யும் ஒருவரே என்று கண்டுபிடிக்கப் பழக்கம் வேண்டும்.

மாவட்ட ஆட்சியரிடம் திங்கட்கிழமை மனு கொடுக்கப் போகிறவர்கள், நோயாளிகளின் எண்ணிக்கையை மட்டும் எழுதிக்கொண்டு போகாதீர்கள். எந்த உறுப்பில், எந்த ஆண்டில், எத்தனை வயதில் கண்டறியப்பட்டது, அதற்கு முன் அந்த ஊரில் எத்தனை ஆண்டு வசித்தார், என்ன வேலை பார்த்தார், புகையிலைப் பழக்கம் உண்டா, எந்தக் கிணற்று நீரைக் குடித்தார் என்று ஒவ்வொருவருக்கும் எழுதுங்கள். பெயர்களைப் பொதுவெளியில் போடாமல், மருத்துவ அலுவலரிடம் மட்டும் கொடுங்கள். ஒரே வகை, அரிய வகை, வழக்கத்தைவிட இளவயது என்று ஏதாவது ஒன்று அந்தப் பட்டியலில் தென்பட்டால், ஆய்வு செய்தே ஆக வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். பட்டியல் தயாரிக்க உதவி தேவைப்படுகிற ஊர்க்காரர்கள் எனக்கு எழுதலாம், என்னால் இயன்றதைச் செய்து தருகிறேன்.