தகுதிச் சுற்று இல்லாத உலகக் கோப்பை எதற்கு?

உலகக் கோப்பைக் கால்பந்தை வைத்து வீடியோ கேம் தயாரிக்கிறவர்கள்மீது எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. கோப்பை நடக்கும் கடைசி ஒரு மாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு முன்னால் இரண்டு, மூன்று ஆண்டுகள் உலகமெங்கும் நடக்கும் தகுதிச் சுற்றை விட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு மாதத்தில் இந்தியா கிடையாது. 1950-ல் பர்மாவும் பிலிப்பைன்ஸும் விலகியதால் நமக்கு இடம் கிடைத்தது; நாமும் போகவில்லை. அதற்குப் பிறகு அந்த வாசல் பக்கம்கூட நாம் போனதில்லை. ஆகவே நம்மைப் பொறுத்தவரை உலகக் கோப்பை என்றாலே தகுதிச் சுற்றுதான். அதை வெட்டிவிட்ட கேமில் வேலூர்ப் பையன் ஒருவன் பிரேசிலாக ஆடலாம், அர்ஜென்டினாவாக ஆடலாம். தன் நாடாக ஆட முடியாது.

இல்லாத ஒன்றைக் கேட்கவில்லை. இருந்ததைத்தான் கேட்கிறேன். 1997-ல் ஈஏ ஸ்போர்ட்ஸ் வெளியிட்ட 'ஃபிஃபா: ரோடு டு வேர்ல்டு கப் 98' விளையாட்டில் 172 நாட்டு அணிகள் இருந்தன. தகுதிச் சுற்றில் தொடங்கி, கோப்பை நடந்த பிரான்ஸ் வரை ஆடிக்கொண்டே போகலாம். 2010 தென்னாப்பிரிக்கக் கோப்பைக்கான கேமில் 199 அணிகள். 2014 பிரேசில் கேமில் 203. தகுதிச் சுற்றில் கலந்துகொண்ட ஒரு நாட்டைக்கூட விடவில்லை. அதன் பிறகு 2018-லும் 2022-லும் அவர்கள் தனி விளையாட்டே வெளியிடவில்லை. தங்கள் வழக்கமான வருடாந்தரக் கால்பந்துக் கேம்களான ஃபிஃபா 18, ஃபிஃபா 23 வைத்திருந்தவர்களுக்கு உலகக் கோப்பையை இலவச இணைப்பாகக் கொடுத்தார்கள். பணம் கேட்கவில்லை என்பது உண்மை. ஆனால் தகுதிச் சுற்று அதோடு போயிற்று.

2010 கேமைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வகையில் அதற்கு ஈடாக இன்றுவரை ஒன்று வரவில்லை என்பது என் துணிபு. அது கணினிக்கு வரவில்லை. எங்களில் யார் வீட்டிலும் பிளேஸ்டேஷன் 3 கிடையாது. காட்பாடியில் கல்லூரி மாணவர்களை நம்பி ஒருவர் கேம் சென்டர் நடத்தினார். மணிக்கு இவ்வளவு என்று வாடகை. ஜன்னலில் வெயில் உள்ளே வராமல் பழைய பிளெக்ஸ் பேனரைத் திருப்பிக் கட்டியிருப்பார். கன்ட்ரோலரில் இடது பக்கக் குமிழின் ரப்பர் தேய்ந்து வழவழவென்று ஆகியிருக்கும். வியர்வைக் கை வழுக்கும். மாவட்டங்களில் தினமும் மின்வெட்டு இருந்த காலம் அது. எந்த நேரத்தில் கரண்ட் போகும் என்று கேட்டுக்கொண்டுதான் ஆட்டத்தைத் தொடங்குவோம். தொண்ணூறு நிமிட ஆட்டத்தின் எண்பதாவது நிமிடத்தில் திரை இருண்டு போனால், முடிவு சேமிக்கப்படாது. மறுநாள் அதே ஆட்டத்தை முதலிலிருந்து ஆட வேண்டும்.

அந்தக் கேமில் மலை உயரத்துக்குக்கூடக் கணக்கு வைத்திருந்தார்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் பொலிவியாவின் லா பாஸ் போன்ற இடங்களில் ஆடினால் வீரர்கள் சீக்கிரமே களைத்துவிடுவார்கள். 2009 ஏப்ரல் 1 அன்று அதே லா பாஸில், மரடோனா பயிற்சியாளராக இருந்த அர்ஜென்டினாவைப் பொலிவியா 6-1 என்று அடித்து அனுப்பியது. மெஸ்ஸியும் அன்று களத்தில் இருந்தார். எங்கள் கூட்டத்தில் ஒருவன், ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலைக்குப் போய்வந்தவன், எப்போதும் பொலிவியாவைத்தான் எடுப்பான். அத்தனை பேரையும் அந்த உயரத்துக்கு இழுத்துப் போய் மூச்சு வாங்க வைப்பதில் அவனுக்கு அப்படி ஒரு ஆனந்தம். உலகக் கோப்பை இறுதியாட்டம் ஆயிரம் பேருக்கு நினைவிருக்கும். இப்படிப்பட்ட ஆட்டங்கள் தகுதிச் சுற்றில்தான் பிறக்கின்றன; அவற்றை விட்டுவிட்டுக் கோப்பையை மட்டும் கொடுப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை.

நான் எடுத்தது இந்தியாவை. நிஜத்தில் 2010 கோப்பைக்கான தகுதிச் சுற்றின் முதல் படியிலேயே நாம் வெளியேறியிருந்தோம். 2007 அக்டோபரில் லெபனானிடம் அதன் மண்ணில் 4-1 தோல்வி, கோவாவின் மட்காவில் 2-2 டிரா. கேமிலும் நம் அணியின் மதிப்பு அடிமட்டத்தில்தான் இருந்தது. அது நியாயம். ஆனால் அந்த அடிமட்ட அணிதான் எனக்குக் கால்பந்து கற்றுக்கொடுத்தது. ஸ்பெயினை எடுத்தால் பந்து காலில் ஒட்டிக்கொள்ளும், யோசிக்க வேலையில்லை. இந்தியாவை எடுத்தால் பாஸ் ஓரடி தள்ளிப் போய் விழும். எதிரணி முன்கள வீரன் நம் தடுப்பாளனை ஓட்டத்தில் தாண்டிவிடுவான். ஆகவே தடுப்பு வரிசையைப் பின்னால் இறக்க வேண்டும், நடுக்களத்தில் ஆளைக் கூட்ட வேண்டும், அரைமணி நேரம் பந்தையே தொடாமல் பொறுத்திருக்க வேண்டும். ஒரே ஒரு பந்து தட்டி விலகி வரும். அதை எடுத்துக்கொண்டு ஓடுவதற்கு மைதானத்து ஓரமாக ஓடும் விங்கர் ஒரே ஒருவன் இருப்பான். சவூதி அரேபியாவோடு அப்படி ஆடி 0-0 என்று முடித்த மாலையில் அந்தச் சின்ன அறையில் எழுந்த சத்தத்துக்கு எதிர் டீக்கடைக்காரர் என்னவோ ஏதோ என்று எழுந்து வந்துவிட்டார். கோல் இல்லாத டிராவுக்கு அவ்வளவு கொண்டாட்டம் ஏன் என்று அவருக்கு விளக்கிச் சொல்ல எங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"பசிபிக் கடலில் இருக்கும் குவாம் தீவை யாராவது எடுத்து ஆடுவார்களா? இருநூறு அணிகளைச் செய்வது வீண் செலவு" என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். குவாமில் இருக்கிறவன் எடுப்பான். அமெரிக்கச் சமோவா 2001-ல் ஆஸ்திரேலியாவிடம் 31-0 என்று தோற்ற அணி. அதே அணி 2011 நவம்பரில், 2014 கோப்பைக்கான தகுதிச் சுற்றில், டோங்காவை 2-1 என்று வென்றது. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா அங்கீகரித்த ஆட்டங்களில் அதுதான் அவர்களின் முதல் வெற்றி. 2014 கேமில் அமெரிக்கச் சமோவாவும் இருந்தது. இதைச் செலவுக் கணக்கில் எழுதுகிறவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை. 1997-ன் கணினியில் 172 அணிகளுக்கு இடம் இருந்தபோது இன்றைக்கு இடமில்லை என்று சொன்னால் யார் நம்புவது?

இன்னொரு பக்கம், "கேமில் என்ன கால்பந்து, மைதானத்துக்குப் போகச் சொல்லுங்கள்" என்கிற பெரியவர்கள். ஐயா, அவர்கள் போகிறார்கள். பாலாற்று மணலிலும் நேதாஜி விளையாட்டரங்கிலும் மாலையில் ஆடுகிறவர்களில் பாதிப் பேர் இரவில் கைப்பேசியில் ஆடுகிறவர்கள். என் அக்கா மகன் அவர்களில் ஒருவன். தடுப்பு வரிசை, ஆஃப்சைடு பொறி எல்லாவற்றையும் அவன் திரையில் பார்த்துவிட்டுத்தான் மணலில் செய்து பார்க்கிறான்.

அவனோடு உட்கார்ந்துதான் 2024 ஜூன் 11 தோஹா ஆட்டத்தைப் பார்த்தேன். கத்தாரை வென்றால் 2026 தகுதிச் சுற்றின் மூன்றாம் சுற்றுக்கு இந்தியா முதல்முறையாகப் போகும். 37-வது நிமிடத்தில் நம் சாங்டே கோல் போட்டார். 73-வது நிமிடம் வரை நாம் முன்னிலை. அப்போது நம் கோல்கீப்பர் குர்பிரீத் தடுத்த பந்து கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் எல்லைக்கோட்டைத் தாண்டி உருண்டது. அதைக் கத்தார் வீரர் ஒருவர் காலால் உள்ளே இழுக்க, அந்த அணியின் ஐமன் வலைக்குள் தள்ளினார். நடுவர் கோல் கொடுத்துவிட்டார். அந்த ஆட்டத்தில் வீடியோ நடுவர் கிடையாது. பிறகு இன்னொரு கோல், 2-1, எல்லாம் முடிந்தது. மருமகன் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டான்: "மாமா, பந்து வெளியே போச்சே, விசில் ஏன் அடிக்கலை?" கேமில் பந்து முழுதாகக் கோட்டைத் தாண்டினால் விசில் ஊதியே தீரும். கத்தாரானாலும் இந்தியாவானாலும் ஒரே விசில். அவன் பழகியது அந்த நியாயத்தில். அந்த ஆட்டத்தை ஒருமுறையாவது சரியான கோட்டோடு ஆடிப் பார்க்க ஒரு பையன் ஆசைப்பட்டால், அதற்கு இடம் கொடுக்காத கேமை உலகக் கோப்பைக் கேம் என்று நான் எப்படி ஏற்றுக்கொள்வது?

2026 கோப்பையில் 48 அணிகள். உஸ்பெகிஸ்தான், ஜோர்டான், கேப் வெர்டே, குராசோ நான்கும் முதல்முறையாகத் தகுதி பெற்றவை. குராசோவின் மக்கள்தொகை ஏறக்குறைய ஒன்றரை இலட்சம். எங்கள் வேலூர் மாநகரில் அதைப்போல் மூன்று மடங்கு பேர் வாழ்கிறோம். குராசோ இன்று கோப்பைக்கு வந்துவிட்டது என்பதால் இனிமேல் எல்லாக் கேமிலும் இருக்கும். நேற்றுவரை அதுவும் நம்மைப் போலத் தகுதிச் சுற்றோடு நின்ற அணிதான். வந்தவனைச் சேர்த்துக்கொள்வது பெரிய காரியமில்லை. வரத் துடிக்கிறவனையும் சேர்க்க வேண்டும்.

பெண்கள் கோப்பைக்கும் இதையே கேட்கிறேன். 2025 ஜூலையில் நம் பெண்கள் அணி தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர் போட்டவை. அந்த ஆட்டத்தை ஆடிப் பார்க்க விரும்பும் பெண் பிள்ளைகள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்கு எந்த நிறுவனமும் இதுவரை ஒரு தகுதிச் சுற்றுகூடக் கொடுத்ததாக நான் பார்த்ததில்லை.

ஈஏ நிறுவனமும் ஃபிஃபாவும் முப்பது ஆண்டு உறவை ஃபிஃபா 23-ஓடு முடித்துக்கொண்டுவிட்டன. இனி உலகக் கோப்பைக் கேமை யார் செய்தாலும் எனக்கு ஒன்றுதான். மைதானத்துப் புல் எவ்வளவு தத்ரூபமாக இருக்கிறது என்பதை அவர்கள் விளம்பரத்தில் காட்டட்டும். நான் முதலில் பார்க்கப்போவது அணிப் பட்டியலை. அதில் ஆசியா என்று அழுத்தினால் இந்தியா வர வேண்டும், பூட்டான் வர வேண்டும், இலங்கை வர வேண்டும். முதல் சுற்றில் எங்கோ ஒரு சின்ன மைதானத்தில், ஆளே இல்லாத கேலரிக்கு முன்னால் ஆடும் ஆட்டம் வர வேண்டும்.

அதுவரைக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் இப்போது ஒரு பழைய பிளேஸ்டேஷன் 3 இருக்கிறது. 2014 பிரேசில் கேமின் வட்டு கீறல் விழுந்து ஓட மறுக்கிறது. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் யாரிடமாவது நல்ல வட்டு இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன். மருமகனுக்குப் பரீட்சை முடியப்போகிறது.