எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டால் அப்புறம் பேச என்ன இருக்கிறது?

நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் படியுங்கள்.

மத நல்லிணக்கக் கூட்டங்களுக்கு நான் எதிரி இல்லை. சமீபத்தில்கூட ஒன்றுக்குப் போய்விட்டுத்தான் வந்தேன். மேடையில் ஒரு சைவச் சொற்பொழிவாளர், ஒரு பாதிரியார், ஒரு ஹஜ்ரத். மூவருக்கும் ஒரே நிறத்தில் பொன்னாடை. முதலாமவர் அன்பைப் பற்றி ஒரு குறள் சொன்னார். அடுத்தவர் அதே கருத்து எங்கள் வேதத்திலும் உண்டு என்றார். மூன்றாமவர் எங்களிடமும் உண்டு என்றார். நன்றியுரை, டீ, குரூப் போட்டோ. ஒன்றரை மணி நேரத்தில் யாரும் யாரிடமும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

"இன்றைக்கு இருக்கிற நிலைமையில் மூணு பேரும் ஒண்ணா உட்காருறதே பெருசு தம்பி" என்றார் பக்கத்தில் இருந்த அண்ணன். உண்மைதான். ஊரில் கல்லெறி நடக்காமல் இருக்க இதெல்லாம் வேண்டும். ஆனால் அழைப்பிதழில் "ஆன்மிக உரையாடல்" என்று போட்டிருந்தார்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. எல்லா மதமும் ஒன்றையே சொல்கிறது என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. என்னிடம் இருப்பதே உன்னிடமும் இருக்கிறதென்றால் நான் உன் வீட்டுக்கு எதற்கு வர வேண்டும்?

இன்னொரு மரபின் வீட்டுக்குள் நிஜமாகவே போய் உட்கார்ந்தவர்களுக்கு என்ன ஆனது என்று பார்க்க வேண்டுமென்றால் குளித்தலைக்குப் போக வேண்டும்.

திருச்சி–கரூர் சாலையில், குளித்தலையை ஒட்டி தண்ணீர்ப்பள்ளி. காவிரிக்கரைத் தோப்பு. 1950 மார்ச்சில் இரண்டு பிரெஞ்சுப் பாதிரியார்கள் அங்கே காவி உடுத்தி ஓர் ஆசிரமம் தொடங்கினார்கள். சச்சிதானந்த ஆசிரமம் என்பது முறையான பெயர், சாந்திவனம் என்றால் எல்லாருக்கும் தெரியும். மூத்தவர் ழூல் மொன்ஷானின், 1939-லேயே இந்தியாவுக்கு வந்து திருச்சி மறைமாவட்டத்துக் கிராமங்களில் உழைத்தவர். இளையவர் ஆன்ரி லெ சோ. பிரான்சின் வடமேற்குக் கடலோரத்தில், பிரிட்டனியில் 1910-ல் பிறந்து, பத்தொன்பது வயதில் பெனடிக்ட் சபை மடத்தில் சேர்ந்து, 1948-ல் இங்கே வந்தவர். அபிஷிக்தானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்டார்.

1949 ஜனவரியில் மொன்ஷானின் அவரை ரமணாசிரமத்துக்குக் கூட்டிப் போனார். ஏகப்பட்ட எதிர்பார்ப்போடு போன லெ சோவுக்கு முதல் தரிசனத்தில் பெரிய ஏமாற்றம். ஒன்றுமே நிகழவில்லை. கூடவே காய்ச்சல் வேறு. அந்தக் காய்ச்சலில் கண்ட கனவுகளில் ரமணரைத் தான் படித்த கிறிஸ்தவ இறையியலுக்குள் எங்காவது பொருத்திவிடப் பார்த்தார், முடியவில்லை. அவரே பிற்பாடு எழுதியது இது. அந்த மேடையில் அமர்ந்திருந்த மூவரில் ஒருவருக்காவது அடுத்தவரின் மரபால் இப்படி ஒரு ராத்திரி தூக்கம் கெட்டிருக்குமா என்று யோசித்துப் பார்க்கிறேன்.

1952 முதல் அண்ணாமலையின் குகைகளில் போய்த் தங்க ஆரம்பித்தார். பேசாநோன்பு, தியானம். 1955 கடைசியில் திருக்கோவிலூர்த் தபோவனத்தில் ஞானானந்த கிரி சுவாமிகளைப் பார்த்தார். பார்த்ததும் இவர்தான் என் குரு என்று உள்ளே விழுந்துவிட்டது. தினமும் திருப்பலி நிறைவேற்றுகிற ஒரு கத்தோலிக்கக் குருவானவர், இந்துத் துறவி ஒருவரின் காலடியில் சீடராக உட்கார்ந்தார். இதைக் கேட்டதும் ஆஹா, என்ன அழகான சங்கமம் என்று நமக்குப் புல்லரிக்கிறது. அவருக்கு அப்படி இல்லை. அவர் இறந்த பிறகு அச்சில் வந்த நாட்குறிப்பு முழுக்க வேதனைதான். சர்ச்சுக்குத் துரோகம் செய்கிறேனோ, அருணாசலத்துக்குத் துரோகம் செய்கிறேனோ என்று இரண்டு பக்கமும் குற்றவுணர்வு. இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். சொல்லவில்லை. ஒன்றில்லை என்பது அவருக்கு உடம்பிலேயே தெரிந்திருந்தது. ஆனால் இரண்டையும் விடவும் முடியவில்லை.

மொன்ஷானின் இதில் வேறு கட்சி. கடவுளும் உயிரும் ஒன்றே என்கிற அத்வைதத்துக்கும், தந்தை, மகன், தூய ஆவி என்ற மூவொரு கடவுள் விசுவாசத்துக்கும் நடுவில் உள்ள பள்ளத்தை அவ்வளவு லேசில் தாண்ட முடியாது என்று கடைசி ஆண்டுகளில் மேலும் மேலும் உறுதியானார். ஒரே தோப்பு, ஒரே ஜபம், ஒரே சாப்பாடு, இருவருக்கும் கருத்து மட்டும் விலகிக்கொண்டே போனது. 1957-ல் நோயோடு பாரிசுக்குப் போனவர் அங்கேயே இறந்தார். சாந்திவனத்தில் நடந்த மிக நேர்மையான வாக்குவாதம் இந்து–கிறிஸ்தவ வாக்குவாதம்கூட இல்லை, இந்த இரண்டு கத்தோலிக்கர்களுக்கு நடுவில் நடந்ததுதான் என்பது என் எண்ணம்.

1968-ல் லெ சோ வடக்கே போய் உத்தரகாசிக் குடிலில் தங்கிவிட்டார். 1973 ஜூன் 30 அன்று ரிஷிகேசத்துக் கங்கையில் ஒரு பிரெஞ்சு இளைஞருக்கு சந்நியாச தீட்சை. கொடுத்தது இரண்டு பேர் சேர்ந்து: அபிஷிக்தானந்தரும், தெய்வநெறிக் கழகத் தலைவர் சுவாமி சிதானந்தரும். (சிதானந்தர் நம்ம சென்னை லயோலாவில் படித்தவர். அவருடைய குரு சிவானந்தர் பத்தமடைக்காரர். கங்கைக்கரையில் நடந்தாலும் கதை தாமிரபரணிப் பக்கம் வந்துவிடுகிறது.) இரண்டே வாரத்தில், ரிஷிகேசக் கடைத்தெருவில் பஸ்ஸைப் பிடிக்க ஓடிய லெ சோவுக்கு மாரடைப்பு. நடைபாதையில் விழுந்து கிடந்தார். அதைத்தான் தன் வாழ்க்கையின் பெரிய விழிப்பு என்று கடிதங்களில் எழுதினார். அதுவரை கட்டி வைத்த கருத்துகள் எல்லாம் உடைந்துபோய், வெறும் ஆனந்தம். அந்த டிசம்பரில் இந்தூரில் காலமானார்.

சாந்திவனத்தில் அவருக்குப் பின் வந்த ஆங்கிலேயர் பீட் கிரிஃபித்ஸுக்கும் இதே மாதிரிதான். 1990-ல், எண்பத்து மூன்று வயதில் பக்கவாதம். அறிவாலேயே வாழ்ந்த ஆக்ஸ்ஃபோர்டு மனிதர், அதற்குப் பிறகு தாயன்பு ஒன்று தன்னை மூழ்கடித்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மதுரை வீட்டு மாடியில் பதினாறு வயது வேங்கடராமனுக்கு (பின்னாளில் ரமணர்) வந்த மரண பயத்தையும் சேர்த்துப் பாருங்கள். வருஷக்கணக்கில் படிப்பதும் பேசுவதும் ஒரு பக்கம், ஆள் மாறுவது வேறு எங்கோ, எதிர்பாராத இடத்தில். வார இறுதி முகாமுக்குப் பணம் கட்டி "உள்மாற்றம்" வாங்கி வருகிறவர்கள் கோபிக்க வேண்டாம், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

சாந்திவனத்துக்கு ஒருமுறை போயிருக்கிறேன். கோபுரம் வைத்த கோயில், உள்ளே நற்கருணை (இயேசுவின் உடலாக வணங்கி, பகிர்ந்து உண்ணும் அப்பம்). வழிபாட்டில் காலையில் சந்தனம், நடுப்பகலில் குங்குமம், சாயங்காலம் விபூதி. உபநிடதமும் வாசிக்கிறார்கள், தமிழ்ப் பக்திப் பாடலும் உண்டு, பைபிளின் சங்கீதங்களும் உண்டு. சாயங்கால ஜபத்தில் பாதிரியார் கையால் விபூதி வாங்கியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேலி இல்லை. எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயில் குருக்கள் இவ்வளவு நிதானமாக ஒருநாளும் வைத்துவிட்டதில்லை. காலைப் பலகாரம் முடிந்ததும் விருந்தாளிகள் எல்லாரும் தரையில் உட்கார்ந்து காய் நறுக்க வேண்டும். என் பக்கத்தில் ஓர் ஐரோப்பிய அம்மா கத்தரிக்காயை அளவெடுத்த மாதிரி வெட்டிக்கொண்டிருந்தார். எதிரே இருந்த சமையல்கார அக்கா "இப்படி வெட்டுனா சாயங்காலம் ஆயிரும்" என்று தமிழிலேயே சொல்லி, அவர் கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்டார்.

இந்த ஆசிரமத்தை இரண்டு தரப்பும் திட்டியிருக்கிறது. காவியும் ஓமும் மதமாற்றத் தூண்டில் என்றார்கள் இந்துத் தரப்பில் சிலர். 1606-ல் மதுரைக்கு வந்து, காவி கட்டி, பூணூல் போட்டுக்கொண்ட இத்தாலியப் பாதிரியார் தத்துவபோதகர் நொபிலியின் நோக்கம் மதமாற்றம்தான் என்பதால் இந்தச் சந்தேகத்தை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. ஆனால் லெ சோ விஷயத்தில் அது எடுபடாது. மாறியது அவர்தான். மறுபக்கம் கத்தோலிக்கர் சிலர், நம் வழிபாட்டைக் கோயில் பூசையாக்கிவிட்டார்கள் என்றார்கள். இந்த இரண்டு குற்றச்சாட்டும் எனக்குப் பெரிதாகப் படவில்லை.

மூன்றாவது ஒன்று உண்டு. அதுதான் உறுத்துகிறது.

1981-ல் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் இறையியலாளர் அரவிந்த் நிர்மல் ஓர் உரை நிகழ்த்தினார். இந்தியக் கிறிஸ்தவ இறையியல் இத்தனை காலமாகப் பிராமண மரபோடு மட்டும் பேசிக்கொண்டிருக்கிறது என்பது அவர் வைத்த குற்றச்சாட்டு. யோசித்துப் பார்த்தால் உண்மைதானே? தமிழ்நாட்டுக் கத்தோலிக்கரில் பெரும்பகுதி தலித்துகள். அவர்கள் எந்த அமைப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டார்களோ, அதன் வேதத்தையும் சமஸ்கிருதத்தையும் காவியையும் ஐரோப்பியத் துறவிகள் ஆசையாக உள்ளே கொண்டு வந்தார்கள். முனியாண்டியோடு யாரும் உரையாடவில்லை. மாரியம்மனோடு, கூழ் ஊற்றுகிறவர்களோடு, பறையடிக்கிறவரோடு உரையாடல் கிடையாது. நாகூர்க் கந்தூரிக்குப் போய் மொட்டையடித்துவிட்டு வருகிற இந்துக் குடும்பத்தையும், வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களையும் "பாமர நம்பிக்கை" என்று ஒரு வார்த்தையில் ஒதுக்கிவிட்டு, உபநிடதத்துக்கு ஓடினார்கள். எனக்குப் பிடித்த லெ சோவும் இதற்கு விலக்கில்லை.

இதற்குப் பதில் மாதிரி மதுரை அரசரடி இறையியல் கல்லூரியிலிருந்து ஒருவர் வந்தார். தியோபிலஸ் அப்பாவு, எல்லாருக்கும் பரட்டை அண்ணன். நாட்டார் மெட்டில், பறை இசையோடு வழிபாட்டு முறையே அமைத்தார். அவருடைய மையக் கருத்து "ஒரு உலை". ஆளாளுக்கு அரிசி கொண்டுவந்து ஒரே உலையில் போட்டு ஆக்கி, எல்லாரும் சேர்ந்து தின்பது. நற்கருணைக்கு அவர் கண்ட பொருள் அதுதான். சாதி இருக்கிற ஊரில் சேர்ந்து சாப்பிடுவதைவிடக் கஷ்டமான தியானம் எது, சொல்லுங்கள்.

உலை என்றதும் வடலூர் ஞாபகம் வராமல் இருக்காது. 1867 மே 23 அன்று வள்ளலார் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. "வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடினேன்" என்பதை நாம் பயிரோடு நிறுத்திவிடுகிறோம், பள்ளிக்கூடச் சுவரில்கூட அவ்வளவுதான் எழுதியிருக்கும். பாட்டு நிற்காமல் போகிறது: பசியினால் இளைத்து, வீடுதோறும் இரந்தும் பசி ஆறாமல் அயர்ந்தவர்களைக் கண்டு உள்ளம் பதைத்தேன் என்று. சாதியும் மதமும் சமயமும் காணாத ஜோதி என்று பாடிய மனிதர், மோட்ச வீட்டின் திறவுகோல் ஜீவகாருண்யம்தான் என்று அடித்துச் சொன்னார். உள்ளே மாறிவிட்டு அப்புறம் கருணை காட்டலாம் என்ற கணக்கே அவரிடம் இல்லை. முதலில் சோறு.

ஆனால் தருமசாலைக்குப் பக்கத்தில் இருக்கும் சத்திய ஞான சபைக்குப் போங்கள். கொலை, புலை தவிர்த்தவர்கள் மட்டுமே உள்ளே வரலாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அது வள்ளலார் வைத்த விதிதான். புலால் உண்பவர்களை அவர் புறவினத்தார் என்றார். அவர்களுக்கும் பசியைத் தீர்த்தே ஆக வேண்டும் என்பதில் துளி விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அதோடு சரி, அதற்கு மேல் உறவில்லை.

இங்கேதான் என் கேள்வி. பரட்டை அண்ணனின் ஒரு உலையில் மாட்டுக்கறி வெந்தால்? வள்ளலார் வழி நடக்கிற சன்மார்க்க அன்பர் அந்தச் சோற்றில் கை வைக்க மாட்டார். அவருக்கு அது துடித்துச் செத்த ஓர் உயிர், அந்த உயிரின் வலியில் அவர் சொல்வது பொய்யில்லை. சேரியிலிருந்து வந்தவருக்கோ, அதே கறியைக் காரணம் காட்டித்தான் அவருடைய பாட்டனையும் முப்பாட்டனையும் தெருவுக்கு வெளியே நிறுத்தினார்கள். "புறவினம்" என்ற வார்த்தை அவர் காதில் வேறு மாதிரிதான் விழும், அதுவும் பொய்யில்லை. இரண்டு பேரும் கருணையைத்தான் பேசுகிறார்கள். இரண்டும் ஒரே கருணை என்று எந்த மேடையில் யார் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்.

நான் கறி தின்கிறவன். சபைக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டு, தருமசாலையில் சாப்பிட்டுவிட்டு வந்தவன். அந்த விதியை எடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, உயிர்க்கொலை பற்றி அவர் சொன்னதில் தப்பில்லை என்று தின்கிற எனக்கே தெரிகிறது. அதே சமயம் மாட்டுக்கறி சாப்பிடும் என் நண்பனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த வாசகத்தை உரக்கப் படிக்கவும் என்னால் முடியாது. வடலூரிலிருந்து ஒருவரும் அரசரடியிலிருந்து ஒருவரும் உட்கார்ந்து இதை மட்டும், சுற்றி வளைக்காமல் பேசினால் நான் லீவு போட்டுவிட்டுப் போவேன். பாதியில் ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்து போனாலும் சரி, மறுநாள் திரும்பி வந்து உட்கார்ந்தால் போதும். ஒரே கூட்டத்தில் முடிவும் வேண்டாம். லெ சோவுக்கே இருபத்தைந்து வருஷம் ஆனது.