"மூலையில வச்சிடலாம் சார்"

சப்-ஊஃபரை (பேஸுக்குன்னே இருக்கிற ஸ்பீக்கர் பெட்டி) மாட்ட வந்த பையன் வீட்டுக்குள்ள வந்து ரெண்டு நிமிஷம் ஆகல, டிவி பக்கத்து மூலையைக் காட்டி "அங்க வச்சிடலாம் சார், பேஸ் சும்மா அதிரும்"னான். வச்சான். ஒரு குத்துப்பாட்டைப் போட்டான். ஷோகேஸ் கண்ணாடி கடகடன்னு ஆடிச்சு. "பாத்தீங்களா சார்"னு சிரிச்சுட்டு, கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டான். ரெண்டு மாசமா அந்த மூலையோட மாரடிக்கிறேன்.

அதிரலைன்னு யார் சொன்னா? நல்லாவே அதிருது. ஆனா எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி அதிருது! பேஸ் கிட்டார் மேல ஏறுதா கீழ இறங்குதா ஒண்ணும் தெரியல. தவில் எது, டிரம் எது, மேல்வீட்டுக்காரங்க உரல்ல இடிக்கிறது எது? எல்லாம் ஒரே "தொம்". இதுல பெரிய கொடுமை என்னன்னா, சோபா நடுவுல சட்டமா உட்கார்ந்திருக்கிற எனக்குப் பாதி பேஸைக் காணோம். சுவரோரமா உட்கார்ந்திருக்கிற என் மனைவி "ஏங்க, நெஞ்சு அடைக்குது, குறைங்க"ங்கிறா. ஒரே சோபாங்க! எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மூணடி இருந்தா அதிகம்.

கடைக்கு போன் போட்டா, "ஒரு மாசம் ஓடட்டும் சார், செட் ஆயிடும்"ங்கிறாங்க. அது என்ன புது பைக்கா? மறுபடி கேட்டா, "நீங்க பெரிய மாடலா எடுத்திருக்கணும்." கூட வேலை பார்க்கிற ஒருத்தர் சுவர் பூரா முட்டை அட்டை ஒட்டச் சொல்றார். ஐயா, 40 ஹெர்ட்ஸ் பேஸ் ஒலியோட அலைநீளமே எட்டரை மீட்டர், அதாவது 28 அடி. அதைப் போய் முட்டை அட்டையால தடுக்கிறது, கொசுவலை கட்டி யானையை நிறுத்துற மாதிரி.

கோளாறு பெட்டியில இல்ல, அறையில. எங்க ஹால் 14 அடிக்கு 10 அடி. 14 அடி நீளத்துல எதிரெதிர் சுவர்ல மோதித் திரும்புற ஒலி சரியா 40 ஹெர்ட்ஸ் கிட்ட நிலையலையா, அதாவது நகராம நின்ன இடத்துலயே அதிர்ற அலையா, நின்னுடும். 10 அடி அகலத்துக்கு அது 56. நிலையலை சுவரோரம் கும்முனு ஏறும், நட்டநடுவுல செத்துக் கிடக்கும். எங்க சோபா பின்சுவரை ஒட்டிக் கிடக்கு, அதனால 40 மண்டையில இடிக்குது. அகலத்துக்கு நான் நட்டநடுவுல உட்கார்றேன், அதனால 56 எனக்குக் கிடையாது. ஓரத்துல இருக்கிற மனைவிக்கு என் பங்கும் சேர்த்து! மூலைங்கிறது இந்த எல்லா நிலையலையையும் ஒரே நேரத்துல உசுப்பிவிடுற இடம். அதான் அந்தப் பையனுக்கு "அதிருது".

ஒவ்வொரு ஹெர்ட்ஸையும் தனித்தனியா ஏத்தி இறக்குற ஈக்வலைசர்ல சரி பண்ணலாமேம்பாங்க. மேட்டை வெட்டலாம், பள்ளத்தைத் தூர்க்க முடியாது. ஆறு டெசிபெல் ஏத்தணும்னா ஆம்ப்ளிஃபயர் நாலு மடங்கு பவர் தள்ளணும். தள்ளினாலும், அலை தன்னைத்தானே அடிச்சு அணைச்சுக்கிற இடத்துல அது வந்து சேராது.

சரி, தவழ்ந்து பார்த்துடுவோம்னு போன ஞாயித்துக்கிழமை இறங்கினேன். வழி சுலபம்தான். சப்-ஊஃபரைத் தூக்கி நாம உட்கார்ற இடத்துல வச்சு, பேஸ் ஓடவிட்டு, சுவரோரமா நாம தவழணும். எங்க எல்லா சுரமும் சமமாக் கேக்குதோ அங்க பெட்டியை வைக்கணும். பெட்டியும் காதும் இடம் மாத்திக்கிட்டாலும் ஒலிக்கு ஒண்ணுதான். இருபது கிலோவை சோபா நடுவை விட்டு இடது ஓரமாத் தூக்கி வச்சேன் (நடுவுலயே உட்கார்ந்தா பெட்டியை எங்க வச்சாலும் அந்த 56 தலைகாட்டாது). நாப்பத்திரெண்டு வயசுல டைல்ஸ் தரையில முட்டி போட்டுத் தவழ்ந்தேன். அம்மா எட்டிப் பார்த்து, "ஏண்டா, சாவி தொலைஞ்சுடுச்சா?"

கண்டுபிடிச்சேன். 14 அடிச் சுவரோட நட்டநடுவு. அங்க வச்சா 40 ஹெர்ட்ஸ் இரைச்சல் அடங்கிடுது, பேஸ் கிட்டார் படிப்படியா இறங்குறது துல்லியமாக் கேக்குது. கண்ணுல தண்ணி வந்துடுச்சு. ஆனா அந்த நட்டநடுவுல என்ன இருக்கு? அம்மாவோட சாமி அலமாரி! சரி, எதிர்ச்சுவர் நடுவுக்குப் போவோம்னா, சமையலறை வாசல்! இந்தப் பிளாட்டைக் கட்டின புண்ணியவான் எங்க சப்-ஊஃபர் வைக்கக்கூடாதுன்னு கணக்குப் பார்த்தே கட்டியிருக்கான்.

ஹார்மன்ங்கிற ஆடியோ கம்பெனியில இருந்த டாட் வெல்டி 2002லயே ஆராய்ஞ்சு எழுதிட்டார்: எதிரெதிர் சுவர் நடுவுல ஒண்ணொண்ணா ரெண்டு சப் வச்சா சோபா முழுக்க கிட்டத்தட்ட ஒரே மாதிரி கேக்கும். இதை வீட்ல ஆசையா விளக்கினேன். "ரெண்டா?" அவ்வளவுதான் பதில். அந்தக் குரல்லயே பேஸ் இருந்துச்சு.

சாமி அலமாரியை ஒரு ரெண்டடி நகர்த்தலாமான்னு அம்மாகிட்ட இன்னும் கேக்கல. இப்போதைக்குப் பெட்டி சமையலறை வாசலுக்கு ஒன்றரை அடி தள்ளி நிக்குது, தினமும் யாராவது ஒருத்தர் கால்ல இடிச்சுக்கிட்டுத் திட்டுறாங்க. நேத்து அம்மா அது மேல ஒரு துணி விரிச்சு தாத்தா போட்டோவை வச்சுட்டாங்க. போட்டோ சரியா 40ல கடகடங்குது.