பூஜ்யத்தை எங்கே ஒளித்தீர்கள்?

லாக் ஸ்கேலில், அதாவது கட்டத்துக்குக் கட்டம் 1, 10, 100 என்று பத்து மடங்காக ஏறும் அளவில், சார்ட் போட்டுவிட்டு, பூஜ்யம் எங்கே என்று கேட்டால் "அது வராது" என்று சொல்லும் ஆட்களிடம் இனி பொறுமையாகப் பேசப் போவதில்லை. வராது, தெரியும். பூஜ்யத்துக்கு லாக் கிடையாது, மைனஸுக்கும் கிடையாது. வராத எண்ணை என்ன செய்து தொலைத்தீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

இன்று வந்தது ஸ்பெயினின் 2020 கொரோனா இறப்புச் சார்ட். ஜூன் 1 அன்று புது இறப்பு எதுவும் இல்லை என்று அங்கே அறிவித்தார்கள், மார்ச் மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக. அந்த வரிசையிலேயே இதைவிட நல்ல செய்தி கிடையாது. எங்கள் ஆள் அந்தப் பூஜ்யத்தை எடுத்துவிட்டு 0.001 போட்டிருக்கிறார். கோடு சடாரென்று அடிமட்டம் வரை விழுந்து, திரும்ப எழுந்து நிற்கிறது. மீட்டிங்கில் மேலாளர் அந்தப் பள்ளத்தில் விரலை வைத்தார்.

"இங்கே என்ன ஆச்சு?"

"சார், அது பூஜ்யம்."

"0.001 என்று இருக்கே?"

"அது நாங்கள் போட்டது சார்."

"ஏன் 0.001?"

பதில் இல்லை. எப்படி இருக்கும்? 0.1 போட்டிருந்தால் ஒன்றுக்குக் கீழே ஒரு கட்டம் இறங்கியிருக்கும், 0.000001 போட்டிருந்தால் ஆறு கட்டம். பள்ளத்தின் ஆழம் இவர் இஷ்டம்! மனிதரில் ஆயிரத்தில் ஒரு பங்கா செத்தது?

உடனே இன்னொருவர், "எல்லாவற்றோடும் ஒன்றைக் கூட்டிவிடலாமே" என்றார். ஆயிரம் 1,001 ஆனால் யாருக்கும் தெரியாது. ஒன்று இரண்டானால் அது இரண்டு மடங்கு ஐயா! சின்ன எண்களும் கண்ணில் படவேண்டும் என்றுதானே லாக் ஸ்கேலுக்கே வந்தோம்? சரி, மே 25-க்கு என்ன செய்வீர்கள்? அன்று ஸ்பெயின் கணக்கைத் திருத்தியதில் மொத்த இறப்பு 28,752-இலிருந்து 26,834-க்கு இறங்கியது. அன்றைய எண் மைனஸ் 1,918. கூட்டுங்கள் ஒன்றை, பார்ப்போம். அந்த நாளே சார்ட்டில் இல்லை. முன்நாளையும் மறுநாளையும் கோட்டால் இணைத்து மூடிவிட்டார்கள்.

மென்பொருளும் இதற்கு உடந்தை. எக்செல்லாவது ஒரு எச்சரிக்கை காட்டும். பைத்தானில் சார்ட் போட உதவும் மேட்பிளாட்லிபில், பூஜ்யத்துக்கும் மைனஸுக்கும் 'கிளிப்' என்றால் கோட்டைக் கீழே தள்ளிவிடும், 'மாஸ்க்' என்றால் புள்ளியையே தூக்கிவிடும். அதே மேட்பிளாட்லிபில் 'சிம்லாக்' இருக்கிறது: பூஜ்யத்தை ஒட்டி சம இடைவெளியில் போகும் சாதாரண அளவு, தள்ளிப் போனால் இரண்டு பக்கமும் லாக். எந்த இடத்தில் மாறுகிறது என்று சார்ட்டில் ஒரு வரி எழுதினால் போதும். பூஜ்யம் மட்டும்தான் சிக்கல் என்றால் அச்சுக்கு அடியில் தனியாக ஒரு பட்டை விட்டு, '0' என்று எழுதி, புள்ளியை அங்கே வையுங்கள். பார்க்கிறவருக்குப் புரியும்.

நானே திருத்திவிடலாம் என்று மூல ஃபைலைத் திறந்தேன். தேதிப் பத்தியில் 05/06 என்று இருக்கிறது. மே 6-ஆ, ஜூன் 5-ஆ? பாதி ஃபைலில் மாதம் முன்னால், மீதியில் நாள் முன்னால். யாரய்யா இந்த ஃபைலைத் தயாரித்தது?