பன்னெண்டு மணிக்கு எழுந்து போன அண்ணனுக்கு

அந்தப் பதிவைத் திரும்ப இங்க போடப்போறதில்ல. எல்லாரும் எனக்கு அனுப்பிட்டீங்க, போதும். மும்பைக்குப் போய் ரெண்டாயிரம் பேர் உக்கார்ற ஏசி அரங்கத்துல இங்கிலீஷ் மியூசிக்கல், அதாவது பாட்டும் ஆட்டமுமா நடக்குற நாடகம் பாத்துட்டு வந்த அண்ணன், வந்த கையோட மேலூர்ப் பக்கம் ஒரு திருவிழாவுல வள்ளி திருமணம் பாத்தாராம். "ஒருத்தன் ரெட்டை அர்த்தத்துல பேசுறான், ஒரு பொண்ணு ஆடுது, இதுக்குப் பேரு நாடகமாம். மியூசிக்கல்னா என்னன்னு இவங்களை யாராவது கூட்டிட்டுப் போய்க் காட்டணும்"னு எழுதியிருக்கார். கீழ ஹார்ட்டா குவியுது.

அதே பதிவுல அவரே ஒரு வரி எழுதியிருக்கார்: "பன்னெண்டு மணிக்குக் கிளம்பிட்டோம்."

அண்ணே, பன்னெண்டு மணிக்கு நாடகமே ஆரம்பிச்சிருக்காதுண்ணே.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். வள்ளி திருமணம் மாதிரி, ஆளுகளைத் தனித்தனியா பேசிக் கூட்டி விடிய விடிய நடத்துறதுக்கு ஸ்பெஷல் நாடகம்னு பேரு. அதுல ராத்திரி பத்து, பத்தரைக்கு முதல்ல மேடையேறுறது வாத்தியக்காரங்க. ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்டு (டிரம்மு, தாளம்னு மத்த சத்தத்தையெல்லாம் ஒரே ஆள் அடிக்கிறது). ஆர்மோனியக்காரர் சாமி பாட்டும் குரு வணக்கமும் பாடி முடிச்சதும் பபூன், அதாவது கோமாளி வருவார். ஒரு பாட்டு, கொஞ்சம் பேச்சு, வந்திருக்கிறது எப்படிப்பட்ட கூட்டம்னு ஆழம் பாக்குறது. அப்புறம் டான்ஸ். ரெண்டு பேரும் சேந்து காமிக். இதுக்கே பன்னெண்டு, பன்னெண்டரை ஆயிரும். வீட்டு வேலை முடிச்சு, புள்ளைகளுக்குச் சோறு போட்டுட்டு, பாயும் போர்வையுமா பொம்பளையாளுக வந்து சேர்ற வரைக்கும் மேடையைச் சூடா வச்சிருக்கணும்ல, அதுக்குத்தான் அந்தப் பகுதி. அதுல கதை கிடையாது. நாரதர், வள்ளி, வேடன் எல்லாம் அதுக்கப்புறந்தான். நாரதரும் வள்ளியும் ஒரு தர்க்கம் (பாட்டும் வசனமுமா வாதாடுறது), வேடனும் வள்ளியும் ஒரு தர்க்கம், பிறகு கிழவன், யானை. கல்யாணம் முடிஞ்சு மங்களம் பாடுறப்ப கிழக்கு வெளுத்திருக்கும்.

மும்பை அரங்கத்துல ஷோவுக்கு முன்னாடி, செல்போனை அணைச்சு வைங்கன்னு ஒரு அறிவிப்பு வருமே, அதைக் கேட்டுட்டு எழுந்து வந்து விமர்சனம் எழுதின கதைதான் இது. முழுசாப் பாத்துட்டுத் திட்டுங்க. காரித் துப்புங்க. பாக்காம எழுதாதீங்க, அவ்வளவுதான் நான் கேக்குறது.

மியூசிக்கலை நான் குறைச்சுப் பேசல. ஃபேன்டம் ஆஃப் தி ஓபரான்னு ஒரு மியூசிக்கல் நியூயார்க் பிராட்வே அரங்கத்துல 1988ல ஆரம்பிச்சு 2023 வரைக்கும் ஓடுச்சு, 13,000 காட்சிக்கு மேல. வாரத்துக்கு எட்டுக் காட்சின்றது அங்க வழக்கம். ஸ்டேஜ் மேனேஜர் ஹெட்போனை மாட்டிக்கிட்டு ஒவ்வொரு லைட்டுக்கும், ஒவ்வொரு சீன் மாத்துறதுக்கும் "கோ" சொல்லுவார். பாடுறவங்க தலையைத் திருப்பாமலே, வாத்தியக்காரங்களை நடத்துற கண்டக்டரோட கையைப் பாக்க வசதியா எதிர்ப்பக்கம் டிவி வச்சிருப்பாங்க. ஒருத்தருக்குத் தொண்டை கட்டினா அந்த வேஷத்தை மனப்பாடமா வச்சிருக்கிற இன்னொருத்தர் தயாரா நிப்பார். பெரிய உழைப்பு. கைதட்டுங்க, நானும் தட்டுறேன்.

இப்ப இங்க வாங்க. ஊர்க் கமிட்டி மதுரைக்கு வந்து ஏஜெண்ட் மூலமா ராஜபார்ட்டுக்கு (கதாநாயகன்) ஒருத்தர், ஸ்திரீபார்ட்டுக்கு (கதாநாயகி) ஒருத்தர், நாரதர், பபூன், டான்ஸ்னு ஒவ்வொருத்தரையும் தனித்தனியா பேசி அட்வான்ஸ் குடுக்கும். மிருதங்கத்தையும் அப்படித்தான், ஆல்ரவுண்டையும் அப்படித்தான். கம்பெனின்னு ஒண்ணு கிடையாது. ஆளுக்கொரு போட்டோ போட்டு நோட்டீஸ் அடிப்பாங்க. ஒருத்தர் புதுக்கோட்டையில இருந்து வருவார், ஒருத்தர் திண்டுக்கல், ஒருத்தர் மதுரை. எத்தனையோ ராத்திரி வள்ளியும் வேடனும் ஒருத்தரை ஒருத்தர் முதத் தடவையா பாக்குறதே மேக்கப் போடுற கொட்டகையிலதான். ஒத்திகை கிடையாது. டைரக்டர் கிடையாது. "கோ" சொல்ல ஆள் கிடையாது. அப்படியே மேடையேறி அஞ்சு மணி நேரம் பாட்டாவே சண்டை போடணும்.

இது எப்படி நடக்குதுன்னு அந்த அண்ணன் ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கலாம். எல்லாருக்கும் பொதுவா ஒரு பாடம் இருக்கு. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதின பாடம். 1867ல பொறந்து 1922ல மறைஞ்ச மனுஷன். 1918ல இதே மதுரையில தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபைன்னு பசங்களை வச்சு நாடகக் கம்பெனி நடத்தினவர். அவர் போட்டுக் குடுத்த விருத்தமும் (தாளமில்லாம ராகத்துல இழுத்துப் பாடுற செய்யுள்) பாட்டும் வசனமும்தான் புதுக்கோட்டை ஆளுக்கும் மதுரை ஆளுக்கும் நடுவுல பாலம். அதுக்கு மேல கட்டுறதெல்லாம் அவங்கவங்க சரக்கு.

கண்டக்டர் வேலை பாக்குறது ஆர்மோனியக்காரர். இதைத்தான் நீங்க கவனிச்சுப் பாக்கணும். நாரதர் அஞ்சு கட்டையில பாடுற ஆளா இருப்பார், வள்ளி அஞ்சரை, வேடன் நாலரை. கட்டைன்னா சுருதி. ஒரு கட்டைன்னா உங்க கீபோர்டுல சி, அஞ்சு கட்டைன்னா ஜி. நடிகர் உள்ள இருந்து விருத்தத்தோட முதல் எழுத்தை இழுத்துக்கிட்டே வருவார். அந்த ஒரு இழுப்புல சுருதி என்ன, ராகம் மோகனமா காம்போதியான்னு பிடிச்சு, விரலை அரைக்கட்டை தள்ளி வச்சிருப்பார் ஆர்மோனியக்காரர். கால் பாட்டுக்குத் துருத்தியை மிதிக்கும். இடது கை வள்ளிக்குச் சுருதியை நிறுத்தியிருக்கும், கண்ணு வேடனோட வாயில இருக்கும். பாட்டுல பல்லவி திரும்புறப்ப நடிகருக்கு மூச்சு முட்டுதுன்னு தெரிஞ்சா தானே எடுத்துப் பின்பாட்டுப் பாடி ரெண்டு சுத்து சமாளிச்சுக் குடுப்பார். அவருக்கு முன்னால நோட்டும் இல்ல, டிவியும் இல்ல. அந்த ரெண்டு சுத்துக்குள்ள வேடன் தண்ணி குடிச்சுட்டு வந்து சரியா தாளத்துல விழுவார்.

மிருதங்கக்காரர் பாடுதான் கஷ்டம். ஆர்மோனியத்துல விரல் மாறினாப் போதும், தோல் அப்படி மாறாது. அஞ்சுக்குச் சேத்த மிருதங்கத்தை நாலுக்கு இறக்கினா சத்தம் செத்துப்போகும். அதனால ரெண்டு மிருதங்கம் கொண்டு வர்ற ஆளுக உண்டு. இதுல மாசி, பங்குனிப் பனி வேற. ரெண்டு மணிக்கு மேல ஈரம் இறங்க இறங்கத் தோல் தளரும், சுருதி கீழ போகும். உடனே கல்லை எடுத்து வலந்தலை, அதாவது வலது பக்கத் தோலோட விளிம்பை மேல இருந்து கீழ தட்டி இறுக்கணும். பக்கத்துல போகஸ் லைட் அடிச்சா அந்தச் சூட்டுல அதுவே இறுகிப்போகும், அப்ப கீழ இருந்து மேல தட்டி இறக்கணும். இடது பக்கத்து இடந்தலையில அப்பின ரவை காஞ்சுபோனா தண்ணி தொட்டுத் திரும்ப அப்பணும். பாட்டு நிக்காது, இவ்வளவும் பாட்டுக்கு நடுவுலயே நடக்கும். பன்னெண்டு மணிக்குப் போய்ப் படுத்துட்டா இதையெல்லாம் எங்கிட்டுப் பாக்குறது?

"ஆபாசம் இல்லையா?"ன்னு கேக்க நாலு பேர் வருவாங்கன்னு தெரியும். இருக்கு. காமிக்குல எல்லை தாண்டுற ஆளுக இருக்காங்க, இல்லைன்னு நான் எங்க சொன்னேன்? ஆனா முன்வரிசையில நின்னு விசிலடிச்சு "இன்னும் இன்னும்"னு கேக்குற கூட்டம் யாரு? அதை செல்போன்ல பிடிச்சு நாப்பது செகண்டு வீடியோவா ஏத்துறது யாரு? விடிய விடிய நடந்த தர்க்கத்தை எவனாவது ஏத்துறானா? லட்சம் பேர் பாக்குறது அந்த நாப்பது செகண்டைத்தான். அதைப் பாத்துட்டு வர்ற கூட்டம் அதையேதான் கேக்கும். இதுல அந்த டான்ஸ் ஆடுற பொண்ணை மட்டும் பிடிச்சுத் திட்டுறது ரொம்ப வசதி. அவ குரல் நல்லா இருக்கா, தாளத்துக்குக் கால் விழுதான்னு ஒரு வார்த்தை உண்டா அந்தப் பதிவுல? கிடையாது.

"சினிமாப் பாட்டு பாடுறாங்களே." பாடுறாங்க. பழைய நாடகப் பாட்டைத்தான் சினிமா எடுத்துக்கிட்டுப் போச்சு, இவங்க கொஞ்சம் திருப்பி எடுத்துக்கிட்டாங்க. அடுத்த ஆளு வாங்க.

"ஒத்திகை இல்லாததுனாலதான் தரம் இல்ல." இந்த ஆளுகிட்டதான் எனக்குக் கோபமே. தர்க்கத்துல வள்ளி ஒரு கேள்வியைப் போடும். குறள்ல இருந்து வரலாம், புராணத்துல இருந்து வரலாம், அன்னைக்குப் பேப்பர்ல வந்த சேதியா இருக்கலாம். நாரதர் வசனத்துல பதில் சொல்லி, அதையே அந்த ராகத்துல விருத்தமா கட்டித் திருப்பிக் குடுக்கணும். கேள்வி முன்கூட்டியே தெரியாது. தெரிஞ்சா அது தர்க்கமே இல்ல. முந்துன தலைமுறையில நடிகரை மடக்கிப்போட்டு மேடையிலயே தலைகுனிய வச்ச ஸ்திரீபார்ட்டுகளைப் பத்தி ஊர்ப் பெருசுககிட்டக் கேட்டுப் பாருங்க. பதில் வராத நடிகர் என்ன பண்ணுவார் தெரியுமா? ஆர்மோனியத்தைத் திரும்பிப் பாத்துச் சம்பந்தமில்லாம ஒரு பாட்டை எடுப்பார். கூட்டத்துக்கு உடனே தெரிஞ்சுபோகும். பாய்ல படுத்துக் கெடக்குற கிழவி எந்திரிச்சு உக்காந்து, "கேட்டதுக்குப் பதிலச் சொல்லப்பா"ங்கும். அந்தக் கிழவிக்கு நாடகம் பாக்கத் தெரியும். அவகிட்ட மியூசிக்கல்னா என்னன்னு பாடம் எடுக்கப் போறாங்களாம்!

இன்னொண்ணு. திருமங்கலத்துல தியாகி விசுவநாததாஸ் நினைவு இல்லம் இருக்கு. மதுரையில இருந்து அரைமணி, முக்கால் மணி நேரந்தான். மும்பை தூரமெல்லாம் இல்ல. இதே வள்ளி திருமணத்துக்குள்ள வெள்ளைக்காரனை வெள்ளைக் கொக்கா வச்சுப் பாடி ஜெயிலுக்குப் போன மனுஷன். அந்தப் பாட்டை எழுதிக் குடுத்தவர் மதுரகவி பாஸ்கரதாஸ். போலீஸ் பக்கவாட்டுல நிக்கும், பாடினாக் கைதுன்னு தெரியும், தெரிஞ்சே பாடினார். நாடகப் பாடத்துல இல்லாத வரியை அன்னைக்கு ராத்திரி நடப்புக்குத் தகுந்தமாதிரி நுழைக்க இடம் குடுத்ததும் இதே ஒத்திகையில்லாத வடிவந்தான். 1940 டிசம்பர் 31 ராத்திரி சென்னையில முருகன் வேஷத்துல மேடையிலயே உயிர் போச்சு. அவர் நடிச்ச நாடகத்தைத்தான் "இதுக்குப் பேரு நாடகமாம்"னு எழுதியிருக்கீங்க. வலிக்குதுண்ணே. சொல்ல வேணாம்னுதான் நெனச்சேன்.

"சத்தம் தாங்கல, அதான் கிளம்பினோம்"னு பின்னாடி கமெண்ட்ல எழுதியிருக்கார். இதுல அவர் சொல்றது பாதி சரி. தப்பு நடிகர் மேல இல்ல, மைக்செட்டு மேல. ஸ்பீக்கர் பாக்ஸை மைக்குக்குப் பின்னால வச்சா அந்தச் சத்தமே மைக்குல ஏறி "ஊய்ய்"னு கூவும். பாக்ஸ் எப்பவும் மைக்குக்கு முன்னால, கூட்டத்தைப் பாத்து இருக்கணும். ஊர்க்கோடியில கட்டுற குழாய் ரேடியோ இன்னும் மோசம். சத்தம் ஒரு விநாடிக்கு சுமார் 340 மீட்டர் போகும். மேடையில இருந்து 170 மீட்டர் தள்ளிப் புளியமரத்துல குழாயைக் கட்டினா, பாடுறவருக்குத் தன் குரலே அரை விநாடி பிந்தித் திரும்ப வரும். தாளம் போட்டுப் பாடுற மனுஷனுக்கு அதைவிடச் சித்திரவதை கிடையாது. அதைச் சமாளிக்க அவர் கத்துவார், அவர் கத்துறாருன்னு ஆல்ரவுண்டு ஓங்கி அடிப்பார், மைக்செட்டுத் தம்பி இன்னும் கொஞ்சம் ஏத்தி வைப்பார். குழாயை அவுத்துட்டு மேடைக்கு ரெண்டு பக்கமும் பாக்ஸ் வச்சாலே பாதி இரைச்சல் போயிரும்.

ஒலி மாசு விதி 2000ல வந்தது. ராத்திரி பத்துல இருந்து காலை ஆறு வரைக்கும் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்குன்னு வருஷத்துக்கு 15 நாளுக்கு மிகாம நடுராத்திரி பன்னெண்டு வரைக்கும் அரசு தளர்த்தலாம். பத்து மணிக்கு ஆரம்பிக்கிற கலை இது. எழுத்துப்படி பாத்தா பபூனோட முடிச்சுக்கணும். இன்னும் விடிய விடிய நடக்குதுன்னா அந்தந்த போலீஸ் ஸ்டேஷன் கண்டுக்காம விடுறதாலதான். கண்டுக்கிட்டா ஒரு மணிக்கு, ரெண்டு மணிக்கு நிறுத்தச் சொல்லிருவாங்க. அப்ப கமிட்டி எதை வெட்டும்? காமிக்கையா? வெட்டாது, கூட்டம் அதுக்குத்தானே வந்திருக்கு. தர்க்கத்தை வெட்டும். நாரதர் வந்த வேகத்துல போவார், கிழவன் வேஷமே இருக்காது, யானை இருக்காது, அவசரத் தாலி. இப்படி அஞ்சு வருஷம் வெட்டுனா அடுத்து வர்ற புள்ளைகளுக்குத் தர்க்கம் பண்ணவே வராது. பங்குனியில இருந்து ஆடி வரைக்குந்தான் இவங்களுக்கு முக்கியமான பிழைப்பு. 2020லயும் 2021லயும் ஊரடங்கு சரியா அந்த மாசங்கள்ல வந்து விழுந்துச்சு. ஆர்மோனியத்தை வித்துட்டுப் போனவங்க திரும்பி வரல. இப்ப அந்த எடத்துல கீபோர்டு வச்சுக்கிட்டு ஒரு தம்பி உக்காந்திருக்கார், ட்ரான்ஸ்போஸ் பட்டனை அமுக்கினா சுருதி மாறிரும். அவரையும் நான் குறை சொல்லல, ஆனா விருத்தத்தோட முதல் எழுத்துலயே பிடிக்கிற காது பட்டன்ல வராது.

கமெண்ட்ல "அப்ப எப்படித்தான் பாக்கணும், நீயே சொல்லு"ன்னு கேட்டவருக்கு: மத்தியானம் தூங்கிட்டு வாங்க. பதினொன்றரைக்கு வந்தாப் போதும். பாக்ஸுக்கு நேரா உக்காராதீங்க, ஆர்மோனியம் இருக்கிற ஓரமா, அவர் கை தெரியிற தூரத்துல உக்காருங்க. போர்வை கட்டாயம். டீக்கடைக்குப் போகணும்னா நாரதர் தர்க்கம் முடிஞ்சதும் காமிக் திரும்ப வரும், அப்பப் போங்க. வீடியோ எடுக்கணும்னா தர்க்கத்தை எடுங்க.

ஊர்க் கமிட்டி யாராவது இதைப் படிச்சா உங்களுக்கும் ஒண்ணு. நன்கொடை குடுத்தவங்க பேரை விருத்தத்துக்கு நடுவுல மைக்கைப் பிடுங்கி வாசிக்காதீங்க. வள்ளி கேள்வியைப் போட்டுட்டு நிக்குது, நாரதர் வாயைத் திறக்கப் போறார், அப்பப் போய் "இன்னாரு நூறு ரூபா அன்பளிப்பு"ன்னா அந்தப் பதில் போச்சு, நடிகரும் நிறுத்தி நன்றி பாடியாகணும். சீட்டை எல்லாம் சேத்து ஆர்மோனியக்காரர்கிட்டக் குடுத்துருங்க. தர்க்கம் முடிஞ்சதும் அவரே ராகத்தோட வாசிச்சிருவார்.